குதிரை கனைத்த இடத்தில் பாட்டு நின்றது

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். போர் முடிந்து வீடு திரும்பும் வீரனைப் பற்றிய பாடல்களுக்கு உயிர் கொடுப்பது வெற்றிக் கொண்டாட்டமா, வீட்டின் காத்திருப்பா? காத்திருப்பே என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணி நண்பர் அமெரிக்க உள்நாட்டுப் போர்க்கால ஜானி பாட்டைச் சொன்னார். ‘ஜானி வீடு திரும்பும்போது ஊரே ஆர்ப்பரிக்கிறதே, இதைவிடக் கொண்டாட்டம் வேண்டுமா?’ என்று கேட்டார். சரி ஐயா, பேட்ரிக் கில்மோரின் அந்தப் பாட்டு வெளிவந்தது 1863இல். போர் முடிந்தது 1865இல். பாட்டு பிறந்தபோது ஜானி வரவே இல்லை! ‘வந்தான்’ என்றா பாடுகிறார்கள்? ‘வரும்போது’ என்றுதானே! அந்த ஆரவாரமெல்லாம் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களின் மனதுக்குள் கேட்டது.

நம் முல்லைப்பாட்டுக்கு வாருங்கள். மொத்தம் 103 அடிதான். போருக்குப் போனவனுக்காக ஒருத்தி காத்திருக்கிறாள். முதிய பெண்கள் நெல்லும் பூவும் தூவி, நல்ல சகுனமாக ஒரு நற்சொல் கேட்க நிற்கிறார்கள். குளிரில் தோளைக் கட்டிக்கொண்ட ஓர் ஆயர்மகள், தாயைத் தேடித் தவிக்கும் கன்றிடம், “இன்னே வருகுவர் தாயர்” என்கிறாள். கன்றுக்குச் சொன்ன ஆறுதலைத் தலைவிக்குக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள்! கடைசியில் தேர்க்குதிரைகளின் கனைப்பு அவள் காதை நிறைக்கிறது. பாட்டு அங்கேயே முடிகிறது. அவன் வாசல் ஏறியதைக்கூட நப்பூதனார் பாடவில்லை.

மதராஸ் ரெஜிமென்ட் மையம் இருக்கும் நீலகிரி வெலிங்டன் பக்கத்துக்காரர்கள் நாம். பேண்டு வாத்தியம் முழங்கினால் எனக்கும் புல்லரிக்கும். ஆனால் என் அப்பா ராணுவத்தில் இருந்தபோது வீட்டில் அந்தச் சத்தம் இல்லை. அவர் கடிதத்தில் 56 ஏ.பி.ஓ. என்று ராணுவத் தபால் நிலைய முகவரிதான் இருக்கும். எந்த மலை, எந்தப் பனி, ஒன்றும் தெரியாது. அம்மா அந்தக் கடிதங்களை பிஸ்கட் டின்னில் அடுக்கி வைத்திருப்பார். குன்னூர் மழை தகரக்கூரையில் அடித்தால் பக்கத்தில் பேசுவதே கேட்காது. ஆனாலும் கீழே ரோட்டில் வண்டி நின்றால் அம்மாவுக்கு மட்டும் கேட்டுவிடும். அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்குப் போவார்.

அப்படி ஒரு மழையில்தான் அப்பா வந்தார். கருப்பு டிரங்குப் பெட்டியைத் திண்ணையில் இறக்கினார். அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. பெட்டிமேல் வெள்ளைப் பெயின்டில் எழுதியிருந்த அப்பா பெயரை முந்தானையால் துடைத்தார். ஒவ்வோர் எழுத்தாக, திரும்பத் திரும்பத் துடைத்தார்.

நடுவர் அவர்களே, அந்தத் திண்ணையில் நின்றுகொண்டுதான் உங்களிடம் தீர்ப்புக் கேட்கிறேன். நன்றி, வணக்கம்.