மனை வாங்காதவர்களோடும் பேச வேண்டும்

அவையோர் அனைவருக்கும் வணக்கம். கட்டுநர்களும் மனைப்பிரிவு அமைப்போரும் ஊராட்சிப் பொறுப்பாளர்களும் விவசாயிகளும் சேர்ந்து அமர்ந்திருக்கும் இந்தக் கும்பகோணம் அரங்கில், நில மேம்பாட்டுக்கும் ஊர் வளர்ச்சிக்கும் திட்டமிட்ட தகவல் தொடர்பு எவ்வாறு துணைசெய்கிறது என்று பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். கும்பகோணம், தஞ்சாவூர், மயிலாடுதுறை நகரங்களின் புறநகர்ச் சாலைகளில் இந்தத் தொழில் தன்னைப் பற்றிப் பேசும் முறை நம் எல்லோருக்கும் தெரியும். வண்ணப் பிளக்ஸ், சின்னத்திரை நடிகரின் புன்னகை, பேருந்து நிலையத்திலிருந்து பத்தே நிமிடம் என்ற வாக்குறுதி, மதிய உணவுடன் இலவச வேன். இவை அனைத்தும் மனை வாங்க வருபவரை நோக்கிய பேச்சு. அந்த மனைக்கு அடுத்த தெருவில் மூன்று தலைமுறையாக வாழ்கிறவரிடமும், அதன் கீழ்ப்புற வயலில் நடவு நட்டிருப்பவரிடமும் பெரும்பாலும் யாரும் எதுவும் பேசுவதில்லை. காவிரிப் படுகையில் நில மேம்பாட்டுக்கான தகவல் தொடர்பு இவர்களிடமிருந்துதான் தொடங்க வேண்டும், அதுவும் வரைபடத்தை இன்னும் திருத்த முடிகிற கட்டத்திலேயே தொடங்க வேண்டும் என்பதே நான் இன்று சொல்ல வந்தது.

இதை இந்தப் பகுதிக்கென்று அழுத்திச் சொல்லக் காரணம் நம் நிலத்தின் அமைப்பு. கல்லணையில் காவிரியாகவும் வெண்ணாறாகவும் புது ஆறாகவும் பிரிந்து, அரசலாறு, குடமுருட்டி, வெட்டாறு என்று மேலும் கிளைத்து, வாய்க்கால்களில் இறங்கும் நீர், கடைசியில் வயலிலிருந்து வயலுக்கு மடை வழியாகவே பாய்கிறது. பல இடங்களில் மேல் வயல்களுக்கு வடிகாலாக இருக்கும் அதே வாய்க்கால்தான் கீழ் வயல்களுக்குப் பாசன வாய்க்கால். நிலம் ஏறத்தாழ மட்டமாகவே கிடப்பதால், ஓரடி உயர மாற்றம் கூட நீரின் போக்கைத் திருப்பிவிடும்.

இப்படிப்பட்ட இடத்தில் ஒருவர் ஒரு வேலி நஞ்சையை, அதாவது சுமார் 6.6 ஏக்கரை, வாங்கி மனைகளாகப் பிரிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் வேலையாக லாரி லாரியாக மண் அடித்து மூன்று நான்கு அடிக்கு மேடாக்குகிறார். வீடு கட்டப் போகிறவருக்கு அது நன்மையே. ஆனால் ஐப்பசியிலும் கார்த்திகையிலும் மேல்புற வயல்களில் பெய்யும் மழைநீர் வழக்கமாக வடிந்து போகும் வழி அந்த மேட்டால் அடைபடுகிறது. நீர் வாரக்கணக்கில் நின்று சம்பாவும் தாளடியும் அழுகுகின்றன. கீழ்ப்புறத்து வயலுக்கோ, முறை வைத்து விடும் தண்ணீரும் வந்து சேர்வதில்லை. புல வரைபடத்தில் வாய்க்கால் புறம்போக்கு என்று காட்டப்பட்டிருக்கும் இடத்தை மறைப்பது கடினம். அதற்குப் பதிவேடு இருக்கிறது, வட்டாட்சியர் அலுவலகம் இருக்கிறது. வயலுக்கு வயல் தண்ணீர் இறங்கும் மடைகளோ எந்த வரைபடத்திலும் இல்லை. அந்தப் பகுதியில் பல்லாண்டுகளாகத் தண்ணீர் கட்டிவரும் ஒரு முதியவருக்கும், வாய்க்கால் முடியும் கடைமடையில் பயிர் வைத்திருக்கும் சிலருக்கும் மட்டுமே அவை தெரியும். அவர்களைத் தேடிப் போய்க் கேட்பது தகவல் தொடர்பின் முதல் வேலை. நில அளவையருக்குக் கூலி கொடுப்பது போல, வரப்பில் கூட நடந்து வந்து வடிகாலைக் காட்டும் அந்த முதியவருக்கும் ஒரு நாள் கூலி கொடுத்து, அவர் காட்டியதை வரைபடத்தில் குறித்துக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அவர் தருவது தொழில்நுட்பத் தகவல்.

காலத்தைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12-ஆம் நாள் திறக்கப்பட்டால், அடுத்த சில வாரங்களில் குறுவை நாற்றங்காலும் நடவுமாக ஊரே வயலில் இருக்கும். அப்போது கூட்டம் போட்டால் பயிர் இல்லாதவர்கள் மட்டுமே வருவார்கள். வந்தவர்களின் கருத்தே ஊர்க் கருத்து என்று பதிவாகிவிடும். நிலத்தை ஐப்பசி, கார்த்திகையில் போய்ப் பார்க்க வேண்டும், ஏனெனில் நீர் நிற்கும் இடமும் ஓடும் இடமும் அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும். ஊரோடு அமர்ந்து பேசுவதைத் தை அறுவடையும் கொள்முதலும் முடிந்த பிறகு வைத்துக்கொள்ள வேண்டும். இன்று நடப்பது நேர்மாறாக இருக்கிறது. பங்குனி, சித்திரையில் தரை காய்ந்து வெடித்துக் கிடக்கும்போது வாங்குபவர்களை வேனில் அழைத்து வந்து காட்டுகிறார்கள். அதே இடத்தை மழைக்காலத்தில் எடுத்த ஒளிப்படத்தையும் விற்பனை அலுவலகத்தில் மாட்டிவைக்கும் ஒரு நிறுவனம் இருந்தால், அதன் மற்ற வாக்குறுதிகளையும் மக்கள் நம்புவார்கள்.

சட்டம் எவ்வளவு கேட்கிறது, எங்கே பேசாமல் விடுகிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், நாம் ரெரா என்று அழைப்பது, 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தை மேம்படுத்தும் திட்டத்தைப் பதிவு செய்யாமல் விளம்பரமே செய்யக் கூடாது என்கிறது. மீறினால் திட்ட மதிப்பில் 10 விழுக்காடு வரை அபராதம் விதிக்கலாம். விளம்பரத்திலும் கையேட்டிலும் பொய்யாகச் சொன்னதை நம்பி முன்பணம் கட்டி இழப்படைந்தவருக்கு அதன் 12-ஆம் பிரிவு இழப்பீடு தருகிறது. திட்டத்திலிருந்து விலகினால் கட்டிய பணத்தை வட்டியோடு திரும்பப் பெறவும் வழி செய்கிறது. இவை வாங்குபவருக்கான பாதுகாப்புகள். நகர் ஊரமைப்புத் துறையின் திட்டப் பகுதிக்கு வெளியே நஞ்சையை மனையாக மாற்ற மாவட்ட ஆட்சியரின் இசைவு வேண்டும். அது அலுவலகங்களுக்கு இடையே நடக்கும் கடிதப் போக்குவரத்து. 20,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கட்டுமானங்களுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி தேவை. ஆனால் 2006-ஆம் ஆண்டின் அறிவிக்கை, கட்டடங்களுக்கும் நகரிய மேம்பாட்டுத் திட்டங்களுக்கும் மக்கள் கருத்துக்கேட்பிலிருந்து விலக்களித்திருக்கிறது. ஆக, பக்கத்து வயல்காரரை அழைத்துக் கேட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இங்கே எவருக்கும் இல்லை. அந்த வெற்றிடத்தை நிரப்புவது தொழில் செய்பவரின் பொறுப்பாகிறது என்று நான் கருதுகிறேன்.

அந்தப் பொறுப்பைத் தட்டிக்கழித்தால் என்ன ஆகும் என்பதற்கு இந்த மண்ணில் அண்மைய சான்று இருக்கிறது. மன்னார்குடிப் பகுதியில் மீத்தேன் எடுப்பதற்கான ஒப்பந்தம் 2010-இல் கையெழுத்தானது. அதன் விளைவுகள் என்னவென்பது ஊர்களில் பரவலாகப் பேசப்பட்டது அதற்குப் பிறகே. அப்படிப் பேச வைத்தவர்களில் முதன்மையானவர் இயற்கை வேளாண் அறிஞர் கோ. நம்மாழ்வார், அந்தப் பரப்புரையின் நடுவிலேயே 2013 டிசம்பர் 30 அன்று பட்டுக்கோட்டைக்கு அருகே காலமானார். 2017-இல் எண்ணெய், எரிவாயுப் பணிகளுக்கு எதிராக நெடுவாசல், கதிராமங்கலம் ஊர்கள் எழுந்தன. 2020-இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல மேம்பாட்டுச் சட்டம் வந்து, எண்ணெய், எரிவாயு, உருக்காலை போன்றவற்றுக்கான புதிய திட்டங்களை இங்கே தடைசெய்தது. வீட்டு மனைகள் அந்தத் தடைப்பட்டியலில் இல்லை. ஆனாலும் அந்த ஆண்டுகளின் நினைவு மாறவில்லை. வயலில் புதிதாக ஓர் அளவைக் கல்லைக் கண்டால் ஊர் முதலில் ஐயப்படுகிறது. ஐயப்படுவது அவர்கள் உரிமை, அனுபவம் கற்பித்த பாடம். அதை அறியாமை என்று ஒதுக்குகிற மேம்பாட்டாளரின் கையேடு எவ்வளவு வழவழப்பான தாளில் அச்சிடப்பட்டிருந்தாலும் ஊருக்குள் அது செல்லாது.

ஊர் வளர்ச்சி என்ற பகுதிக்கு வரும்போது, நாகப்பட்டினத்தை நினைக்காமல் இருக்க முடியாது. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை அந்த மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது. மறு ஆண்டு மார்ச் மாத இறுதியில் வீடமைப்புக் கொள்கையை அறிவித்த அரசாணை, கடலிலிருந்து 200 மீட்டருக்குள் இருந்தவர்கள் அப்பால் கட்டித்தரப்படும் புது வீட்டைப் பெற வேண்டுமானால் பழைய மனையை அரசிடம் ஒப்படைக்க வேண்டும் என்றது. தாளில் அது ஓர் எளிய நிபந்தனை. கட்டுமரமும் வலையும் கடற்கரையில் இருக்க, தான் மட்டும் உள்ளே போய்விட்டால் அந்தக் கரை யாருக்குப் போகும் என்பது மீனவரின் கேள்வி. அதற்கு விடை கிடைக்காமல் எவரும் ஒப்பமிட மாட்டார்கள். அந்தக் காலத்தில் நாகையில் தொண்டு நிறுவனங்கள் சேர்ந்து ஒருங்கிணைப்பு மையம் ஒன்றை அமைத்தன. கிராமங்களில் தகவல் மையங்களைத் திறந்து, அரசாணை என்ன சொல்கிறது, யாருக்கு எந்த வீடு, யார் கட்டுகிறார்கள் என்பதை ஊருக்கும், ஊரின் குறைகளை அதிகாரிகளுக்கும் எடுத்துச் சென்றன. என் பார்வையில் மறுகட்டுமானத்தில் நடந்த மிகப் பயனுள்ள வேலைகளில் அதுவும் ஒன்று. கேட்காமல் கட்டிய இடங்களும் இருந்தன. அங்கே நிழல் தரும் மரங்கள் வெட்டப்பட்டு, ஒரே அளவில் வரிசை வரிசையாகத் தட்டைக் கூரை வீடுகள் நின்றன. வலை பின்ன நிழலும் மீன் காய வைக்க இடமும் எங்கே என்று குடியேறிய பிறகு கேட்க வேண்டியிருந்தது. வரைபடம் ஒரு தாளாக இருக்கும்போது கேட்டிருந்தால் செலவின்றித் திருத்தியிருக்கலாம்.

இன்னொரு சான்றும் இதே மண்ணுடையது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட பிறகு, காந்தியவாதிகளான கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனும் அவர் கணவர் ஜெகந்நாதனும் கீழத்தஞ்சைக்கு வந்து தங்கினார்கள். 1981-இல் அவர்கள் தொடங்கிய லாப்டி அமைப்பு, நிலம் விற்க முன்வந்த உடைமையாளர்களோடும் வங்கிகளோடும் நிலமற்ற தலித் குடும்பங்களோடும் ஒரே நேரத்தில் பேசி, விலையை முடிவு செய்து, கடன் பெற்று, பெண்களின் பெயரில் நிலத்தைப் பதிவு செய்தது. ஆயிரக்கணக்கான ஏக்கர் அப்படிக் கைமாறியது. பின்னாளில் வீடு கட்டும் பணியிலும் இறங்கினார்கள். நில மேம்பாட்டில் தகவல் தொடர்பின் ஆற்றலைப் பற்றிப் பேசுகிறவர்கள் வெளிநாட்டு எடுத்துக்காட்டுகளைத் தேடி அலைய வேண்டியதில்லை. லாப்டி இயங்கிய கூத்தூரில் கிருஷ்ணம்மாள் செய்ததைப் பார்த்தால் போதும். ஒவ்வொரு தரப்புக்கும் எது அச்சம், எது தேவை என்று அறிந்து, எல்லாரிடமும் ஒரே கணக்கைச் சொல்லி, உடன்பாடு எட்டும் வரை பொறுமையாக அமர்ந்திருப்பது என்பதே அவர்களுடைய உத்தி.

எங்கே கூடிப் பேசுவது என்பதும் சிறிய செய்தியன்று. ஊர்க் கோயில் மண்டபத்தில் கூட்டம் என்று அறிவித்தால் குடியானத் தெரு வரும்; காலனித் தெரு வாசலோடு நின்றுவிடும். பள்ளிக்கூடத்திலோ ஊராட்சி அலுவலகத்திலோ கூட்ட வேண்டும். மகளிர் சுயஉதவிக் குழுவின் கூட்ட நாளிலும், நூறு நாள் வேலை நடக்கும் இடத்திலும் போய்ச் சொல்ல வேண்டும். கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. அதில் ஒரு பொருளாக வைக்கச் சொல்லிக் கேட்பதற்கு எந்தத் தடையும் இல்லை. இப்படிக் கேட்டால் வரும் செய்திகள் திட்டத்தையே காப்பாற்றும். காலனித் தெருவிலிருந்து சுடுகாட்டுக்குப் போகும் வழி வரப்பாகவே இருக்கும் ஊர்கள் நம் மாவட்டங்களில் பல. அந்த வரப்பு மனைப்பிரிவின் சுற்றுச்சுவருக்குள் போய்விட்டால், முதல் சாவு விழும் நாளில் சாலை மறியலும் காவல்துறையும் வந்து நிற்கும். முன்கூட்டியே கேட்டிருந்தால் பதினைந்தடிப் பாதை ஒன்றை விட்டு, அதைப் பத்திரத்திலேயே எழுதி முடித்திருக்கலாம்.

விற்பனைக்குப் பின்னும் பேச்சு தொடர வேண்டும். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலை நீங்கலான பரப்பில் 10 விழுக்காட்டைப் பூங்காவுக்கும் பொதுத் தேவைக்கும் ஒதுக்கி, தானப் பத்திரத்தின் மூலம் உள்ளாட்சிக்கு ஒப்படைக்க வேண்டும். நாம் மேலே பார்த்த ஒரு வேலி நிலம் அந்த அளவைத் தாண்டியதே. அந்தப் பூங்கா ஊருக்கும் உரியது என்பதை மனை வாங்குபவரிடம் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். சொல்லாததால்தான் பழைய ஊர்ப் பிள்ளைகள் விளையாட வந்தால் புதுக் குடியிருப்போர் விரட்டுகிறார்கள்.

தகவல் தொடர்பால் ஆகாததும் உண்டு என்பதை இந்த மேடையில் மறைக்க விரும்பவில்லை. நஞ்சை விற்கப்படும்போது உடைமையாளருக்குப் பணம் வருகிறது. அதே நிலத்தில் குத்தகைக்குப் பயிர் செய்தவருக்கும், நடவும் களையும் அறுப்புமாக ஆண்டில் பல நாள் வேலை பெற்ற பெண்களுக்கும் ஒன்றும் வருவதில்லை. அவர்களுக்கு அழகான விளக்கக் கூட்டம் நடத்திப் பயனில்லை. கட்டுமானத்தில் வேலை, குத்தகைதாரருக்கு ஒரு பங்கு, வீடற்றவருக்குச் சில மனைகள் என்று கொடுப்பதற்கு ஏதேனும் இருந்தால்தான் பேச்சுக்குப் பொருள் உண்டு. கொடுக்க ஒன்றும் இல்லாதவர் மக்கள் தொடர்பு அலுவலரை அனுப்புவது அந்த அலுவலருக்கும் அநீதி. வாய்க்காலை அடைத்துத்தான் மனை போட முடியும் என்ற நிலையில் உள்ள நிலத்துக்கு, எந்தத் தகவல் உத்தியும் வேண்டாம். அந்த நிலத்தை விட்டுவிடுவதே சரி.

இங்குள்ள மனைப்பிரிவு அமைப்போரிடம் ஒரு வேண்டுகோள். அடுத்து நீங்கள் தொடங்கும் மனைப்பிரிவின் வாசலில், ரெரா பதிவு எண்ணும் விலையும் எழுதிய பலகைக்குப் பக்கத்தில் இன்னொரு பலகை வையுங்கள். மேல்புறத்து நீர் எந்த வழியாக வருகிறது, எந்த வடிகாலில் போய்ச் சேர்கிறது, அந்த வடிகாலைத் தூர்வாரும் பொறுப்பு யாருடையது, மழையில் நீர் தேங்கினால் எந்த எண்ணில் கூப்பிட வேண்டும் என்பவற்றைப் பெரிய எழுத்தில் தமிழில் எழுதுங்கள். எழுதுவதற்கு முன் கடைமடைக்காரர்கள் நான்கு பேரை அழைத்து வந்து, எழுதப் போவது சரிதானா என்று கேளுங்கள். ஊராட்சித் தலைவர்கள் இங்கே இருக்கிறீர்கள். அப்படி ஒரு பலகை வைக்கப்பட்ட பிறகே உங்கள் கிராம சபையில் அந்த மனைப்பிரிவு பற்றிய பேச்சை எடுப்பது என்று நீங்கள் தீர்மானித்தால், இந்தப் பழக்கம் ஒரு பருவமழைக்குள் பரவிவிடும். நன்றி, வணக்கம்.