பேட்டிஸாரே: ஒரு பேரரசரின் வீட்டுச் சொல்

நேயர்களுக்கு வணக்கம்.

உச்சிவெயில் ஏறிய பிறகும் விலைபோகாமல் கிடக்கும் கீரைக்கட்டை நீங்கள் பார்த்திருப்பீர்கள். காலையில் விறைத்து நின்ற தண்டு, தலை தொங்கித் துவண்டிருக்கும். பல ஆண்டுகளாக என் மனத்தில் தங்கிவிட்ட ஓர் இலத்தீன் வினைச்சொல்லுக்கு அந்தத் துவளல்தான் பொருள். சொல், 'பேட்டிஸாரே'. 'பேட்டா' என்பது பீட் செடி. அந்தப் பெயரைக் கேட்டதும் நமக்குச் சிவந்த கிழங்கு நினைவுக்கு வரும். உரோமானியர் பெரிதும் உண்டதோ அதன் கீரையை. ஆகவே பேட்டிஸாரே என்றால் கீரையாய்த் துவளுதல், உடல் சோர்ந்து கிடத்தல்.

இச்சொல்லைக் கையாண்டவர் யார் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த செய்தி. உரோமின் முதல் பேரரசர் அகஸ்டஸ்! ஏறத்தாழ நூறு ஆண்டுகள் கழித்து அவருடைய வரலாற்றை எழுதிய சுவெட்டோனியஸ், பேரரசர் ஹாட்ரியனின் கடிதச் செயலராக இருந்தவர். அகஸ்டஸ் தம் கையால் எழுதிய கடிதங்களை நேரில் பார்த்தவர். வரியின் இறுதியில் இடம் போதாவிட்டால் அகஸ்டஸ் சொல்லைப் பிரித்து அடுத்த வரிக்குக் கொண்டுபோக மாட்டார் என்றும், எஞ்சிய எழுத்துகளை அங்கேயே கீழே எழுதிச் சுற்றி வளைத்துவிடுவார் என்றும் அவர் குறித்துவைத்திருக்கிறார். கையெழுத்தை இவ்வளவு உற்றுப் பார்த்த ஒருவர் இருந்ததால்தான், கீரையில் பிறந்த இச்சொல்லும் நமக்குக் கிடைத்தது. வேறெந்தப் பழைய நூலிலும் இது காணப்படவில்லை: ஒரே நூலில், ஒரே இடத்தில்.

விரைவைச் சொல்ல அகஸ்டஸுக்கு 'தண்ணீர்விட்டான் (ஆஸ்பராகஸ்) தளிர் வேகும் நேரத்தைவிட விரைவாக' என்பது வழக்கமாம். உலகையே ஆண்டவரின் பேச்சில் அடுப்படி மணக்கிறது. அதனால்தான் 'சோர்ந்திருத்தல்' என்பதற்கு 'லாங்குவேரே' என்ற பொதுச்சொல் இருந்தும், அவர் கை பேட்டிஸாரேயை நாடியது.

நேரம் நெருங்குவதால், சொல்லின் அமைப்பைச் சுருக்கமாகவே கூற முடிகிறது. 'நேசம்' என்ற பெயர் 'நேசி' என்று வினையாவதுபோல, பெயரை வினையாக்கும் கிரேக்க விகுதி இதில் இருக்கிறது. மக்கள் இதே பொருளில் 'லாக்கனிஸாரே' என்றார்கள் என்கிறார் சுவெட்டோனியஸ். 'லாக்கனோன்' கிரேக்கத்தில் கீரை. மக்களின் சொல்லில் பகுதி, விகுதி இரண்டும் கிரேக்கம். அகஸ்டஸின் சொல்லில் விகுதி மட்டுமே கிரேக்கம். கீரை, உரோமானியத் தோட்டத்துக் கீரை.

வணக்கம்.