ரயிலுக்கும் ஒரு ஜூன் 12 வேண்டும்

நடுவர் அவர்களே, இரண்டு அணித் தோழர்களே, திருவாரூர்ப் பெருமக்களே, வணக்கம்.

பயணிகள் ரயிலுக்கென்று மாநில அரசு ஆண்டுதோறும் ஒரு நாள் கொண்டாட வேண்டுமா, வேண்டாமா? வேண்டும் என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணி அக்கா, "ரயில் டெல்லிக்காரன் சொத்து, அதுக்கு நாம ஏன் தோரணம் கட்டணும்?" என்று கேட்டுக் கைதட்டல் வாங்கிக்கொண்டு போனார். தட்டியவர்களில் பாதிப்பேர் கடைசி வண்டிக்கு மணி பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், அது வேறு விஷயம்.

டெல்லிக்காரன் சொத்தா? அக்கா, 1894-ல் மாயவரத்திலிருந்து, அதாவது இன்றைய மயிலாடுதுறையிலிருந்து, இந்தத் திருவாரூர் வழியாக முத்துப்பேட்டைக்குப் பாதை போட்டது யார்? நம்ம ஜில்லா நிர்வாகத்தைப் பார்த்த உள்ளாட்சி அமைப்பு, தஞ்சாவூர் ஜில்லா போர்டு! பணம் ஏது? நிலவரியோடு ரயிலுக்கென்று தனியாக செஸ் என்ற கூடுதல் வரி போட்டு வசூலித்தார்கள். நாகப்பட்டினம்–தஞ்சாவூர் பாதை 1861-ல் லண்டன் கம்பெனி போட்டது. அதை வேண்டுமானால் அவர்கள் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். மாயவரம் பாதைக்கு நெல் விற்ற காசு போயிருக்கிறது.

அந்தப் பாதை என்ன கதி ஆனது? அகலப் பாதை ஆக்குகிறோம் என்று மூடினார்கள். ஆண்டுக்கணக்கில் வண்டி இல்லை. ஒருவழியாக 2019 ஜூனில் திருவாரூர்–காரைக்குடி டெமு, அதாவது டீசல் பயணிகள் வண்டி, வந்தது. வந்த அழகைத்தான் பார்த்தோமே! கேட்டுகளுக்குப் போதிய ஆள் இல்லை என்று கேட் கீப்பர்கள் இருவரை வண்டியிலேயே ஏற்றிவிட்டார்கள். கேட் வந்தால் வண்டி நிற்கும். முன்னால் இருப்பவர் இறங்கிப் போய்க் கேட்டைச் சாத்துவார். வண்டி கடந்து போய் மறுபடி நிற்கும். பின்னால் இருப்பவர் இறங்கிக் கேட்டைத் திறந்துவிட்டு ஓடி வந்து ஏறிக்கொள்வார். அப்புறம் அடுத்த கேட். சுமார் 150 கிலோமீட்டருக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல்! பஸ்ஸில் போனவர் காரைக்குடியில் சாப்பிட்டு ஒரு தூக்கமும் போட்டிருப்பார்.

"சரி, விழா எடுத்தால் கேட்டுக்கு ஆள் வந்துவிடுமா?" என்கிறார் எதிரணித் தலைவர். ஐயா, நீங்கள் டெல்டாக்காரர்தானே? ஜூன் 12 என்றால் உங்களுக்கு என்ன? பாசனத்துக்கு மேட்டூர் அணை திறக்கும் நாள். 2012 முதல் 2019 வரை எட்டு வருஷம் அந்தத் தேதியில் திறக்க முடியவில்லை. ஆனால் அந்த எட்டு வருஷமும் ஏன் திறக்கவில்லை என்று அரசு வாய் திறந்து சொல்ல வேண்டியிருந்தது. தேதி என்று ஒன்று இருந்ததால்தான் கேட்க முடிந்தது. மூடிக் கிடந்த ரயில் பாதைக்கு எந்தத் தேதியில் போய்க் கேட்பது?

ஏப்ரலில் ரயில்வே வாரம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, 1853 ஏப்ரல் 16-ல் முதல் வண்டி ஓடியதன் நினைவாக. அதில் ஊழியர்களுக்கு விருது கொடுக்கிறார்கள், நல்லது. டிக்கெட் வாங்கியவனுக்கு அங்கே நாற்காலி கிடையாது. அமெரிக்காவில் பயணிகள் ரயில் ஓட்டும் ஆம்ட்ராக் நிறுவனம் 2008-ல் ரயில் தினம் தொடங்கிச் சில ஆண்டுகளில் நிறுத்திவிட்டது. வண்டி ஓட்டுகிறவரே விழா எடுத்தால், அவருக்கு அலுத்ததும் விழா முடிந்துவிடும். அதனால்தான் அரசு எடுக்கட்டும் என்கிறோம். ரயில் பாதைக்கு நிலம் எடுத்துக் கொடுப்பதும் மேம்பாலச் செலவில் பங்கு போடுவதும் மாநிலம்தானே!

எந்தத் தேதி? தென்னாட்டில் ராயபுரத்திலிருந்து முதல் வண்டி புறப்பட்ட ஜூலை 1 இருக்கட்டும், 1856. சென்னைக்காரர்களோடு சண்டை வேண்டாம். இன்ஜினுக்கு மாலை போடுங்கள், மேளம் வையுங்கள். பிறகு கலெக்டரும் ரயில்வே அதிகாரியும் பிளாட்பாரத்தில் பெஞ்சு போட்டு உட்காரட்டும். எந்த வண்டி நின்றது, எந்த கேட்டில் ஆள் இல்லை, எந்த பிளாட்பாரத்தில் கூரை இல்லை என்று ஜனம் கேட்கட்டும். மைக்கை முதலில் தரங்கம்பாடிக்காரருக்குக் கொடுங்கள். மாயவரத்திலிருந்து அவர் ஊருக்குப் போன ரயில் 1980-களிலேயே நின்றுவிட்டது. பாவம், அன்றைக்கும் அவர் பஸ் பிடித்துத்தான் வரவேண்டும், கொஞ்சம் காத்திருங்கள்.

மணி அடித்துவிட்டீர்கள் நடுவர் அவர்களே, வணக்கம்.