கோழி வெந்த தண்ணீரைக் கொட்டுகிறார்களா? கொரியக் காரக் கோழியின் ரகசியம்!

வணக்கம் மக்களே! கோழி கொதித்த தண்ணீரை யாராவது கீழே கொட்டுவார்களா? கொரியாவில் பல வீடுகளில் தக்பொக்கும்தாங் என்ற காரக் கோழிக் குழம்பு செய்ய அடுப்பைப் பற்றவைத்தால் முதல் வேலையே அதுதான்.

[திரையில்: கொதிக்கும் பானை, மேலே சாம்பல் நிற நுரை]

இந்த நுரையைப் பாருங்கள். எலும்போடு வெட்டிய ஒரு கிலோ கோழியைக் கொதிநீரில் போட்ட இரண்டு மூன்று நிமிடத்தில் இவ்வளவு! எலும்போரத்தில் தங்கிய ரத்தமும் கரைந்த புரதமும் திரண்டு வருவதுதான் இது. வடித்துவிட்டு, துண்டுகளைக் குளிர்ந்த நீரில் அலசிவிடுங்கள். கவிச்சு வாடை போய்விடும், குழம்பும் கலங்காது.

அடுத்து மசாலா. சோயா சாஸ் நான்கு கரண்டி, சர்க்கரை ஒரு கரண்டி, பூண்டு விழுது தாராளமாக, இஞ்சி கொஞ்சம். எல்லாம் மேசைக்கரண்டி அளவு.

இப்போது எனக்கு ரொம்பப் பிடித்த இடம். கொரியச் சமையல் என்றதும் எல்லோரும் கொச்சுஜாங் டப்பாவைத்தான் தேடுகிறார்கள். மிளகாய், ஒட்டரிசி, புளித்த சோயா மாவு, உப்பு சேர்த்துப் புளிக்க வைத்த விழுது அது. சுன்சாங் என்ற ஊர் இதற்கே பேர் போனது. ஆனால் அதை மட்டும் அள்ளிப் போட்டால் குழம்பு தித்தித்துக்கொண்டு, கூழ் மாதிரி நிற்கும். சுள்ளென்ற காரமும் அந்தச் செக்கச்சிவந்த நிறமும் கொச்சுகாருவிலிருந்துதான் வருகின்றன. விதையைப் பெரும்பாலும் நீக்கிக் கொரகொரப்பாகப் பொடித்த மிளகாய் அது. என் கணக்கு: தூள் மூன்று, விழுது இரண்டு. கொச்சுகாரு கிடைக்கவில்லையா? காஷ்மீரி மிளகாய்த்தூள் போடுங்கள், ஓரளவு ஈடு கொடுக்கும். குண்டூர் மிளகாய்த்தூளை அதே அளவில் போட்டுவிடாதீர்கள், கண்ணில் தண்ணீர் வந்துவிடும்!

கோழி, மசாலா, இரண்டரைக் கப் தண்ணீர். மூடி பத்து நிமிடம். பிறகு உருளைக்கிழங்கு, கேரட், வெங்காயம் போட்டு இன்னும் இருபது நிமிடம். கிழங்கைப் பெரிதாக வெட்டி, கூர் முனைகளைச் சீவிவிட்டால் உடையாமல் இருக்கும். ஆனால் ஒன்றிரண்டு கரையட்டும் என்பது என் கட்சி. குழம்பு கெட்டிப்படுவதே அதனால்தானே! கடைசியில் வெங்காயத்தாள், ஒரு சொட்டு வறுத்த எள்ளின் எண்ணெய். அவ்வளவுதான்.

சாப்பிட்டு முடித்ததும் சட்டியைக் கழுவப் போட்டுவிடாதீர்கள்! கொரிய உணவகங்களில் மேசை அடுப்பிலேயே, மிச்சக் குழம்பில் சோற்றைப் போட்டுக் கிளறி, கடற்பாசித் தாளை நொறுக்கித் தூவி, கரண்டியால் தட்டி அழுத்திவிடுவார்கள். அடியில் மொறுமொறுவென்று பிடிக்கும் அந்தப் பொருக்கைச் சுரண்டிச் சாப்பிடத்தான் போட்டியே. கோழியை விட எனக்கு இதுதான் உசத்தி.

உங்கள் கட்சி எது, கோழியா பொருக்கா? கமெண்டில் சொல்லுங்கள். அடுத்த வீடியோவில், கண்ணாடி நூடுல்ஸ் போட்டு சோயா சாஸில் செய்யும் கோழி, ஆண்டோங் ஜிம்தாக்!