பழகின புகையில் வந்த வெப்ராளம்

நேயர்களுக்கு வணக்கம். நம்ம குமரி மாவட்டத்தில் 'வெப்ராளம்' என்று ஒரு சொல் உண்டு. பதற்றம், படபடப்பு, காரணம் தெரியாத பயம் என்று நாங்கள் மருத்துவத்தில் பிரித்துப் பிரித்து எழுதுவதெல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடும். "டாக்டரே, ஒரே வெப்ராளமா வருது" என்று என்னிடம் வருகிறவர்களில் ஒரு சாராரைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். அவர்கள் ஒரு காலத்தில் கஞ்சாவை வழக்கமாகப் பிடித்தவர்கள். அன்றைக்கு அது மனசை ஆற்றியது. இன்றைக்கு அதே கஞ்சா இரண்டு இழுப்பிலேயே உயிர்ப்பயத்தைக் கொண்டுவருகிறது. ஏன் இப்படி என்று தெரியாமல் தவிக்கிறார்கள். வெளியே சொல்லவும் முடியவில்லை.

ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். ஆள் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். கடற்கரை ஊர்க்காரர், வயது முப்பத்துநான்கு. பத்தொன்பது வயதில் தொடங்கி ஏழெட்டு வருஷம் தினமும் பிடித்தவர். அப்புறம் வளைகுடாவுக்கு வேலைக்குப் போனார். அங்கே சட்டம் கடுமை, ஆகவே தொடவே இல்லை. தங்கை கல்யாணத்துக்கு லீவில் வந்தார். கல்யாணம் முடிந்த இரவு பழைய கூட்டாளிகளோடு தென்னந்தோப்பில் உட்கார்ந்திருக்கிறார். முதலில் கொஞ்சம் பிராந்தி, பிறகு அந்தப் பீடி. பத்து நிமிஷத்தில் நெஞ்சு தறிகெட்டு அடிக்கத் தொடங்கியது. கை மரத்துவிட்டது. "லே, நான் சாகப்போறேன்" என்று கத்தியிருக்கிறார். ஆசுபத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஈசிஜி சரியாக இருந்தது.

வீட்டில் அம்மா கண்ணேறு என்றார். பக்கத்து வீட்டுக்காரர் செய்வினை என்றார். கூட்டாளிகள் "சரக்கில் எவனோ எதையோ கலந்துட்டான்" என்றார்கள். இவர் மட்டும், அன்றைக்கு வயிறு காலியாக இருந்ததுதான் காரணம் என்று நினைத்து, நாலு நாள் கழித்து மறுபடி பிடித்துப் பார்த்தார். மறுபடியும் அதேதான். அதன்பிறகு பிடிக்காமலேயே, அந்தத் தோப்பு வழியாகப் பைக்கில் போனாலே நெஞ்சடிப்பு வர ஆரம்பித்தது. அந்தக் கட்டத்தில்தான் என்னிடம் வந்தார்.

சரி, அவருக்குள் என்ன நடந்தது?

நம் சித்த மருத்துவத்தில் கஞ்சாவுக்கு ஆனந்தமூலி என்று ஒரு பெயர் இருக்கிறது. இஸ்ரேலில் ரபேல் மெசூலம் என்ற வேதியியலாளரும் அவருடைய சகாவும் 1964-இல் கஞ்சாவின் போதைச் சத்தான டிஎச்சியைத் தனியே பிரித்தெடுத்தார்கள். 1992-இல் அவருடைய ஆய்வுக்கூடத்தில், நம் மூளை தானாகவே சுரக்கும் ஒரு பொருளைக் கண்டுபிடித்தார்கள். டிஎச்சி மூளையில் போய் ஒட்டிக்கொள்ளும் அதே இடத்தில்தான் அதுவும் ஒட்டுகிறது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் அனந்தமைடு. 'ஆனந்தம்' என்ற சொல்லிலிருந்தே எடுத்தார்கள். பயத்தையும் பரபரப்பையும் அளவோடு வைத்துக்கொள்ள உடம்பே செய்துவைத்திருக்கும் ஏற்பாடு இது. அது ஒட்டும் இடத்தைச் சிபி1 ஏற்பி என்கிறோம். மூளையில் பயத்தைக் கையாளும் பகுதியிலும் இந்த ஏற்பிகள் இருக்கின்றன.

தினமும் புகை உள்ளே போனால் மூளை என்ன செய்யும்? வெளியிலிருந்து இவ்வளவு வருகிறதே என்று ஏற்பிகளின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளும். அதனால்தான் பழகினவருக்கு எவ்வளவு பிடித்தாலும் பெரிதாக ஒன்றும் ஆவதில்லை. நிறுத்தினால் அவை திரும்ப வருகின்றன. இரண்டு நாளிலேயே மாற்றம் தொடங்கி, ஏறக்குறைய நான்கு வாரத்தில் பழைய நிலைக்கு நெருங்கிவிடுவதை மூளைப் படங்களில் பார்த்திருக்கிறார்கள். நம்ம ஆள் ஏழு வருஷம் விட்டிருந்தார். அவர் மூளை முழுசாகத் தேறியிருந்தது. அந்த மூளைக்குத்தான் பழைய கணக்கில் இழுத்துக் கொடுத்தார்.

அவர் கடலுக்குப் போகிற குடும்பத்தில் பிறந்தவர் என்பதால் அவருக்கு இதை அந்த வழியிலேயே சொன்னேன். முதல்முறை வள்ளத்தில் ஏறுகிறவன் வாந்தியெடுத்துக் கிடப்பான். தினம் போகிறவனுக்கு அலை ஆடுவதே தெரியாது. வருஷக்கணக்கில் கரையில் இருந்துவிட்டு ஏறினால் பழைய கடலோடிக்கும் தலை சுற்றும். "ஆமா டாக்டரே, எங்க சித்தப்பாவுக்கு அப்படித்தான் ஆச்சு" என்றார். அங்கேயே அவர் முகத்தில் பாதிப் பயம் இறங்கிவிட்டது.

இதில் அளவுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. டிஎச்சி குறைவாக இருக்கும்போது ஒரு மாதிரியும், கூடும்போது அதற்கு நேர் எதிராகவும் வேலை செய்யும். 2017-இல் சிகாகோ ஆய்வாளர்கள், தினமும் பிடிக்காத ஆட்களுக்கு டிஎச்சியை மாத்திரையாகக் கொடுத்துப் பார்த்தார்கள். மேடையேறிப் பேசுவது போன்ற நெருக்கடியில், 7.5 மில்லிகிராம் வாங்கியவர்களின் மன உளைச்சல் குறைந்தது. 12.5 மில்லிகிராம் வாங்கியவர்களுக்குக் கூடியது. இரண்டுக்கும் வித்தியாசம் வெறும் 5 மில்லிகிராம். ஒரு பீடியில் எவ்வளவு இருக்கிறது என்று தோப்பில் உட்கார்ந்திருக்கும் யாருக்குத் தெரியும்? போதாக்குறைக்கு, பொருளும் பழைய பொருள் இல்லை. அமெரிக்காவில் பறிமுதல் செய்த கஞ்சாவில் 1995-இல் சுமார் 4 சதவீதமாக இருந்த டிஎச்சி, 2014-இல் சுமார் 12 சதவீதம். பதற்றத்தைக் கொஞ்சம் தணிக்கக்கூடியதாகக் கருதப்படும் சிபிடி என்ற இன்னொரு சத்து அதே காலத்தில் குறைந்துபோனது. பாங்காக்கிலிருந்து வருகிற பயணிகளிடம், மண்ணில்லாமல் நீரில் வளர்க்கிற ஹைட்ரோபோனிக் கஞ்சா பிடிபட்ட செய்திகளை நீங்களும் படித்திருப்பீர்கள். அது வீரியத்துக்காகவே வளர்க்கப்படுவது. மதுவும் சேர்ந்தால் இரத்தத்தில் டிஎச்சி இன்னும் ஏறும். அந்தக் கல்யாண இரவில் இதுவும் நடந்திருக்கிறது.

நெஞ்சடிப்புக்கு வருவோம். கஞ்சா இதயத் துடிப்பை நிமிஷத்துக்கு 20 முதல் 50 வரை கூட்டும். தினமும் பிடிக்கிறவருக்கு உடம்பு பழகிவிடுவதால் இது அவ்வளவாகத் தெரியாது. விட்டுத் தொடுகிறவருக்கு முழு வேகத்தில் தெரியும். பத்தொன்பது வயதில் நெஞ்சு வேகமாக அடித்தால் சிரித்துக்கொண்டு போய்விடுவான். முப்பத்துநான்கில், வீட்டுக்கடனும், சின்னப் பிள்ளையும், ஊரில் யாரோ மாரடைப்பில் போன செய்தியும் மனசில் இருக்கும். நெஞ்சடிப்பு பயத்தைக் கொண்டுவரும், பயம் நெஞ்சடிப்பை இன்னும் கூட்டும். ஒருமுறை இப்படி ஆனால் மூளை அந்த இடத்தையும் வாசனையையும் ஆபத்து என்று குறித்துவைத்துக்கொள்ளும். தோப்பு வழியாகப் போனபோது அவருக்கு வந்தது அதுதான். பேயும் இல்லை, பைத்தியமும் இல்லை.

இப்போதுதான் விட்டவர்களுக்கும் ஒரு வார்த்தை. நிறுத்திய ஓரிரு நாளில் எரிச்சல், தூக்கமின்மை, பசியின்மை, பயங்கரக் கனவு, வெப்ராளம் எல்லாம் வரும். முதல் வாரத்தில் உச்சத்துக்குப் போய், பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்தில் அடங்கும். அந்த நேரத்தில் ஒரு இழுப்பு இழுத்தால் உடனே அடங்கும் என்பது உண்மை. அதை வைத்துத்தான் "எனக்கு இது மருந்து" என்று பலர் நம்புகிறார்கள். அந்தப் பதற்றத்தைக் கொண்டுவந்ததே பழக்கம்தான். தயவுசெய்து அந்த மூன்று வாரத்தைத் தாண்டிப் பாருங்கள். வீட்டில் இருப்பவர்கள் அந்த நாட்களில் பழைய கதையை எடுத்துக் குத்திக்காட்டாமல் இருங்கள். இதை நான் கெஞ்சியே கேட்கிறேன்.

கஞ்சா பிடித்து யாருக்காவது வெப்ராளம் வந்துவிட்டால் சத்தமில்லாத இடத்தில் உட்கார வையுங்கள். மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விடச் சொல்லுங்கள். கூடவே ஒருவர் இருங்கள். சில மணி நேரத்தில் இறங்கிவிடும். பைக்கை எடுக்க விடாதீர்கள். தெளியட்டும் என்று பிராந்தி ஊற்றிக் கொடுக்காதீர்கள். நெஞ்சு வலியோ மயக்கமோ இருந்தால் வெப்ராளம்தான் என்று நீங்களே முடிவு செய்யாமல் மருத்துவமனைக்குப் போங்கள். அங்கே உண்மையைச் சொல்லுங்கள். காதில் குரல் கேட்கிறது, யாரோ பின்தொடர்கிறார்கள் என்று சொன்னால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

வழக்கு வருமோ என்று பயந்து சிகிச்சைக்கு வராதவர்கள் நிறைய. 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்திலேயே 64ஏ என்று ஒரு பிரிவு, அரசு அங்கீகரித்த இடத்தில் தானாக முன்வந்து சிகிச்சை எடுப்பவருக்கு, பயன்படுத்திய குற்றத்துக்கான வழக்கிலிருந்து பாதுகாப்புத் தருகிறது. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. நேரில் வரத் தயக்கமாக இருந்தால், தொலைபேசியில் மனநல ஆலோசனை தரும் அரசின் டெலிமனஸ் எண் 14416. போதைப் பழக்கத்துக்கென்றே இருக்கும் எண் 14446. இரண்டுக்கும் கட்டணம் இல்லை.

அந்த வளைகுடாக்காரர் திரும்பிப் போவதற்கு முன்பு ஒருமுறை வந்தார். "கூட்டாளிகள் கூப்பிட்டால் என்ன சொல்ல?" என்று கேட்டார். நண்டு ஒத்துக்கொள்ளாதவனை நம்ம ஊரில் யாரும் நண்டு தின்னச் சொல்லிக் கட்டாயப்படுத்துவதில்லையே, அதுபோல ஒத்துக்கொள்ளவில்லை என்று மட்டும் சொல்லுங்கள் என்றேன். சொல்லியிருக்கிறார். ஒரு மாதம் கழித்து, அந்த இரவு தோப்பில் கூட இருந்தவர்களில் ஒருவர் என் அறைக்கு வந்தார். கதவைச் சாத்திவிட்டு, தனக்கும் ஆறு மாதமாக இப்படித்தான் இருக்கிறது, அவன் சொன்னதைக் கேட்டுத்தான் வந்தேன் என்றார்.

வணக்கம்.