எந்த நாய் என்பதற்கு முன், யார் பார்த்துக்கொள்வது?

வணக்கம். நாய் வளர்க்க விரும்புகிறவர்கள் பெரும்பாலும் "எந்த இனம் நல்லது?" என்றுதான் பேச்சைத் தொடங்குகிறார்கள். இந்தக் காணொளியில் இனத்தைப் பற்றிக் கடைசியில் பேசுகிறேன். அதற்கு முன், சென்னையில் ஓர் அடுக்குமாடி வீட்டில், கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம்.

காலை ஒன்பது மணிக்குப் பூட்டிய கதவு மாலை ஏழு மணிக்குத்தான் திறக்கிறது. இரண்டு மாதக் குட்டியால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் சிறுநீரை அடக்குவது கடினம். அதற்கு ஒரு நாளைக்கு மூன்று நான்கு வேளை உணவும் கொடுக்க வேண்டும். ஆகவே, நண்பகலில் வீட்டில் யார் இருப்பார்கள் என்பதே முதல் கேள்வி. "நாங்களே பார்த்துக்கொள்கிறோம்" என்று பிள்ளைகள் சத்தியம் செய்வார்கள், ஆனால் அரையாண்டுத் தேர்வு வந்தவுடன் அந்தப் பொறுப்பு அம்மாவின் தலையிலோ பாட்டியின் தலையிலோ வந்து விழும். அவர்கள் மனமாரச் சம்மதித்தார்களா, இல்லை வாய் ஓயாமல் நச்சரித்ததால் "சரி" என்றார்களா என்பதை நாய் வருவதற்கு முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

அடுத்தது வெயில். மனிதர்களைப் போல் உடம்பெல்லாம் வியர்த்துச் சூட்டைத் தணித்துக்கொள்ள நாயால் முடியாது. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்தே அது தணித்துக்கொள்கிறது. சித்திரை வெயிலில் தார்ச்சாலை அதன் பாதங்களைச் சுட்டுவிடும். எனவே விடிந்தும் விடியாத நேரத்தில் ஒரு முறை, வெயில் தாழ்ந்து தரை ஆறிய பின் ஒரு முறை என்று தினமும் இரண்டு வேளை வெளியே அழைத்துப் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமையும் அதில் அடக்கம், அடைமழைக் காலமும் அடக்கம். நடந்து திரும்பியதும் காது மடலைத் திருப்பியும், விரல் இடுக்குகளை விரித்தும் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரத்தம் குடித்து ஊதிய உண்ணியை விரலால் நசுக்கக் கூடாது. இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுக்க வேண்டும். அருவருப்பாக இருக்கிறது என்று இந்த வேலையைத் தள்ளிப்போட்டால் நாய்க்கு உண்ணிக் காய்ச்சல் வரக்கூடும், அது உயிரையே பறித்துவிடக்கூடிய நோய். இதைக் கேட்கும்போதே உங்களுக்கு முகம் சுளிக்கிறது என்றால், அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

செலவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பார்வோ என்னும் குடலைத் தாக்கும் வைரஸ் நோய் உள்ளிட்டவற்றுக்கான தடுப்பூசியை, ஆறு முதல் எட்டு வார வயதில் தொடங்கி, குட்டிக்குப் 16 வாரம் ஆகும்வரை மூன்று நான்கு வாரங்களுக்கு ஒரு முறை போட வேண்டும். மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசியும் போட வேண்டும். அதைக் காட்டித்தான் மாநகராட்சி உரிமம் வாங்க முடியும். குட்டியின் விலையை மட்டும் கணக்கிட்டு விட்டு இவற்றை மறந்துவிடுகிறார்கள். பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது நாயை யாரிடம் விட்டுச் செல்வது என்பதும் செலவுக் கணக்கில் சேரும், ஏனெனில் பல பேருந்துகளில் அதை ஏற்ற மாட்டார்கள்.

வாடகை வீடு என்றால் இன்னொரு விஷயமும் உண்டு. குடியிருப்போர் சங்கம் நாய் வளர்ப்பதைத் தடை செய்ய முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியத்தின் வழிகாட்டுதல் கூறுகிறது. ஆனால் வீட்டுக்காரரோடு நீங்கள் போட்ட ஒப்பந்தம் வேறு விவகாரம் என்பதால், குட்டி வந்தபின் அவரிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள்.

இத்தனைக்கும் விடை கிடைத்த பிறகு இனத்துக்கு வருவோம். பனிப்பிரதேசத்து ஹஸ்கியையும், மூக்கு சப்பையான பக்கையும் நம் ஊர் வெயிலுக்குக் கொண்டுவருவது எனக்குச் சற்றும் உடன்பாடில்லாத செயல். ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் நம் மண்ணின் நாய்கள்தாம், ஆயினும் அவை வேட்டைக்கென்று வளர்க்கப்பட்டவை. ஓட இடமில்லாத இரண்டு படுக்கையறை வீட்டில் அவற்றை அடைப்பது நியாயமன்று. அந்தக் குடும்பத்துக்கு நான் சொல்வது, தெருவிலிருந்து மீட்கப்பட்ட, ஓரளவு வளர்ந்த நாட்டு நாய். அதன் குணம் முன்கூட்டியே தெரியும், உரிய இடத்தில் சிறுநீர், மலம் கழிக்கும் பழக்கத்தைக் குட்டியைவிட விரைவில் கற்றுக்கொள்ளும். கிண்டியில் உள்ள புளூ கிராஸ் போன்ற காப்பகங்களில் தத்தெடுக்கலாம். போகும்போது வீட்டில் உள்ள எல்லோரையும், குறிப்பாக நண்பகலில் அதனுடன் இருக்கப் போகிறவரை, உடன் அழைத்துச் செல்லுங்கள். எந்த நாய் என்பதை அவரே தேர்ந்தெடுக்கட்டும்.