120 இன்ச் ஸ்கிரீன் வாங்குறதுக்கு முன்னாடி சொவத்துல ஒரு வேட்டியக் கெட்டிப் பாருங்க

(சொவத்துல நாலு முழ வேட்டி, நாலு மூலையிலயும் டேப்)

வணக்கம் மக்கா. பின்னாடி தொங்குறது என்னன்னு பாத்தீங்களா, அப்பாவோட நாலு முழ வேட்டி. காயப் போட்டதுன்னு நெனைக்காதீங்க, இன்னைக்கு வீடியோவே இதான். ஹோம் தியேட்டர் புரொஜெக்டருக்கு எத்தனை இன்ச் ஸ்கிரீன் வாங்கணும்னு அஞ்சு பைசா செலவில்லாம இது சொல்லிரும். எனக்கு இது தெரியாமப் போய் நான் வாங்குன 120 இன்ச் இப்ப கட்டிலுக்கு அடியில சுருட்டிக் கெடக்கு.

கதைய வேகமா சொல்லிருகேன். நம்ம வீடு கன்னியாகுமரி மாவட்டம் தக்கலை பக்கம், மாடியில 12க்கு 10 ரூம். பெருசா இருந்தா நல்லதுதானேன்னு 120 போட்டாச்சு. இந்த 120ங்கது மூலைக்கு மூலை அளவு, சொவத்துல போய் உக்காருறது அகலம்லா, அது கிட்டத்தட்ட 8 அடி 9 இன்ச் வருது, 10 அடி சொவத்துல ரெண்டு பக்கமும் மிஞ்சுனது முக்கால் அடி கூட இல்ல. ஸ்பீக்கர் எங்க வைக்க? சரி போட்டும்னு முதல் நாளு ஒரு கொரியப் படம் போட்டோம் (மலையாளத்துக்கு நம்மூர்ல யாரு சப்டைட்டில் பாக்கா), அம்மா அரை மணிக்கூர்ல எந்திரிச்சாச்சு. "லே மக்கா, எழுத்தப் பாத்தா மூஞ்சி தெரியல, மூஞ்சியப் பாத்தா எழுத்து தெரியல, எனக்குக் கழுத்து வலிக்கு, நான் போய் படுக்கேன்."

அம்மா சொன்னதத்தான் இன்ஜினியருங்க டிகிரியில சொல்லுகாங்க. உக்காந்து பாக்கும்போது ஸ்கிரீனோட அகலம் உங்க கண்ணுல 30 டிகிரியாவது இருக்கணும்ங்கது எஸ்எம்பிடிஇ (சினிமா, டிவி இன்ஜினியருங்க சங்கம்) கணக்கு, 40 வரைக்கும் போலாம்ங்கது டிஹெச்எக்ஸ் (தியேட்டர் தரத்துக்கு சான்று குடுக்க கம்பெனி) கணக்கு. டிகிரிய விடுங்க, டேப் எடுத்து கண்ணுல இருந்து சொவரு வரைக்கும் இன்ச்சுல அளந்து 1.6ஆல வகுத்தா சின்ன ஸ்கிரீன், 1.2ஆல வகுத்தா பெரிய ஸ்கிரீன். எங்க ரூம்ல சோபா பின் சொவத்த ஒட்டிக் கெடக்கு, கண்ணு ஒரு 10 அடி, அதாவது 120 இன்ச். அப்ப 75ல இருந்து 100 வரைக்கும். 120ங்கது முதல் வரிசை டிக்கெட்டு. வள்ளுவர் சிலை 133 அடி, போட்ல வரும்போது முழுசாத் தெரியும், காலடியில போய் நின்னா அண்ணாந்து பாத்தே நேரம் போவும், அதே கததான் இது.

இப்ப வேட்டிக்கு வாறேன், எனக்கு ரொம்பப் புடிச்ச எடம் இது. அப்பாவோட நாலு முழத்த டேப் வச்சு அளந்தேன், நீளம் 2 மீட்டர், அகலம் 1.27. 100 இன்ச் ஸ்கிரீன் எவ்வளவு தெரியுமா, நீளம் 2.21, உயரம் 1.25. உயரம் அப்படியே வேட்டி! நீளத்துல மட்டும் ஒவ்வொரு பக்கமும் அரை சாண் கொறையுது. எனக்கு இதக் கண்டுபிடிச்சதும் தூக்கம் வரல மக்கா. அம்மாட்ட ஸ்டிக்கர் பொட்டு வாங்கி, வேட்டியோட ரெண்டு ஓரத்துலயும் ஒவ்வொண்ணு ஒட்டுனேன், அது 90 இன்ச். அரை சாண் தள்ளி சொவத்துல ஒட்டுனா 100. ஒன்றரை சாண் தள்ளி ஒட்டுனா 120.

(சொவத்துல வரிசையா பொட்டு, குளோசப்)

இனி உங்க சோபாவுல போய் சாதாரணமா சாஞ்சு உக்காருங்க, வீடியோவுக்கு உக்காருற மாதிரி வெறைப்பா உக்காரப்படாது. தலையத் திருப்பாம எடது பொட்டு, வலது பொட்டு ரெண்டையும் கண்ண மட்டும் உருட்டிப் பாருங்க. 90 லேசா வரும், 100 வரும், 120க்கு என் தலை தானாத் திரும்புச்சு. வீட்ல எல்லாரையும் உக்கார வைங்க, முக்கியமா அம்மாவ. உயரமும் இப்பவே முடிவு பண்ணிரலாம், நேராப் பாக்கும்போது கண்ணு வேட்டியோட கீழ்ப் பங்குல, மூணுல ஒண்ணுல விழணும். டிவி மாதிரி மேல தூக்கி மாட்டாதீங்க, அது டீக்கடைக்கு.

இன்னொண்ணு, நம்ம படம் பாதிக்கு மேல ஸ்கோப், அதாவது அகலம் 2.39னா உயரம் 1, ஆனா நம்ம ஸ்கிரீன் 16க்கு 9. 100 இன்ச்லயும் மேலயும் கீழயும் ஆறாறு இன்ச் கருப்பு வரும். கரை வேட்டி மாதிரின்னு வச்சுக்கோங்க, எந்தக் கட்சிக் கரைன்னு கமெண்ட்ல சண்டை போடாதீங்க.

வெளிச்சம். 100 இன்ச் கிட்டத்தட்ட 30 சதுர அடி, 120 வந்து 43. இன்ச்சுல 20தான் கூடுது, பரப்புல 44 சதவீதம் கூடுது. நாலு பேருக்கு வச்ச மீன் கொழம்புல தண்ணி ஊத்தி ஆறு பேருக்கு வெளம்புன மாதிரிதான், அரப்பு அதே அரப்பு. இருட்டு ரூம்ல ஒரு சதுர அடிக்கு 16 லூமென் (வெளிச்சத்த அளக்க அலகு) இருந்தா தியேட்டர் மாதிரி இருக்கும். 600 லூமென் புரொஜெக்டர்னா 100ல 20 கெடைக்கும், 120ல 14க்கு எறங்கிரும். அந்த 600 ஆன்சி லூமெனா, அதாவது தர முறைப்படி அளந்ததா இருக்கணும், டப்பாவுல சும்மா 9000 லூமென்னு போட்டிருந்தா கைய எடுத்துக் கும்பிட்டு வந்துருங்க.

புரொஜெக்டர் வைக்கிற தூரம் ஈசி, த்ரோ ரேஷியோவ (தூரம் ஸ்கிரீன் அகலத்தப் போல எத்தனை மடங்குன்னு புரொஜெக்டருக்குச் சொல்லுக எண்ணு) ஸ்கிரீன் அகலத்தால பெருக்குங்க, அவ்வளவுதான்.

ஆரல்வாய்மொழி பக்கம் இருக்கவங்க கேளுங்க, காத்தாடி சுத்துற ஊர்ல சுருட்டுற ஸ்கிரீன் வேண்டாம், ஜன்னல் தொறந்தா ஹீரோ மூஞ்சி அலையடிக்கும், பிரேம் போட்டது வாங்குங்க. நமக்கு ஜூன்லயும் மழை, அக்டோபர்லயும் மழை, நனைஞ்ச சொவரோட ஒட்டி மாட்டுனா பூஞ்சை புடிக்கும்.

நான் இப்ப 92 வாங்கியிருக்கேன். 100 ஏன் இல்லன்னா ஸ்பீக்கருக்கு எடம் வேணும், அம்மாவுக்குக் கழுத்து வேணும். உங்க சோபாவுக்கும் சொவருக்கும் எத்தனை அடின்னு கமெண்ட்ல போடுங்க, ஒவ்வொண்ணுக்கும் கணக்குப் போட்டு சொல்லுகேன். பழைய 120 யாருக்காவது வேணும்னாலும் சொல்லுங்க, ஹால் பெருசா இருக்கணும். கீழ அப்பா வேட்டியத் தேடுகாரு, பொட்ட உரிச்சுக் குடுத்துட்டு வாறேன்.